அரிசிக்குச் சட்டம் இருக்கிறது, பருப்புக்கு இல்லை

உங்கள் வீட்டு ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்கள். அதில் ஆங்கில எழுத்துகளில் ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். பிஹெச்ஹெச் என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதோடு ஏஏஒய் சேர்ந்திருந்தால் அந்தியோதயா, அதாவது மிகவும் ஏழ்மையில் இருக்கும் குடும்பங்களுக்கான கார்டு. என்பிஹெச்ஹெச் என்றால் முன்னுரிமை இல்லாத குடும்பம். கடைசியில் எஸ் இருந்தால் சர்க்கரை கார்டு, என்சி இருந்தால் பொருள் எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த கார்டு.

நம்மில் பலர் இந்த எழுத்துகளைக் கவனித்ததே இல்லை. கவனிக்கும் தேவையும் வரவில்லை. முன்னுரிமை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே மூட்டையிலிருந்து அள்ளி ஒரே தராசில் போட்ட அரிசியைத்தான் வாங்கி வருகிறோம். ஆள் அதிகமுள்ள குடும்பங்களுக்கு அளவில் கொஞ்சம் வேறுபாடு வரும், அவ்வளவுதான்.

ஆனால் சட்டப்படி பார்த்தால் இரண்டு கார்டும் ஒன்றல்ல. முன்னுரிமைக் கார்டுக்குக் கிடைக்கும் அரிசி நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தந்த உரிமை. மற்ற கார்டுக்குக் கிடைப்பது மாநில அரசு அரசாணை போட்டு, தன் கஜானாவிலிருந்து காசு கொடுத்துத் தருவது. ஓர் அரசாணையை இன்னோர் அரசாணை ரத்து செய்துவிடலாம். இரண்டு கார்டுக்கும் கிடைக்கிற துவரம் பருப்பும் பாமாயிலும் அரசாணைப் பொருள்கள்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பிடும் முட்டையும் அப்படியே. உணவு விஷயத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியாகச் செய்த காரியங்கள் பலவும் இன்றுவரை திட்டங்களாகவே இருக்கின்றன. அவை சட்டமாக வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் அந்தச் சட்டம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013. கிராமப்புற மக்களில் 75 சதவீதம் பேர் வரை, நகர்ப்புறத்தில் 50 சதவீதம் பேர் வரை இதில் வருவார்கள். முன்னுரிமைக் குடும்பம் என்றால் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம். அந்தியோதயா என்றால் குடும்பத்துக்கு 35 கிலோ. அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், சிறுதானியம் 1 ரூபாய் என்று ஆரம்பித்தது, 2023 ஜனவரியிலிருந்து இலவசமாகிவிட்டது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் உணவும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகையும் உண்டு. ஆறு மாதக் குழந்தை முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அங்கன்வாடியிலோ பள்ளியிலோ சாப்பாடு. 18 வயது நிரம்பிய மூத்த பெண்தான் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி என்று எழுதியதும் இந்தச் சட்டம்தான்.

இதெல்லாம் ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. 2001இல் ராஜஸ்தானில் கடும் வறட்சி. ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். அதே நேரத்தில் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் 5 கோடி டன்னுக்கு மேல் தானியம் குவிந்து கிடந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் அந்த ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உயிர் வாழும் உரிமை என்றால் அதில் சோறும் அடக்கம் என்பது வாதம். அந்த வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று வந்த இடைக்கால உத்தரவுதான் நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு போட வேண்டும், அதுவும் 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்று சொன்னது. அதுவரை பல மாநிலங்களில் மாதம் ஒருமுறை தானியத்தைப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

நமக்கு அந்த உத்தரவு தேவைப்படவில்லை. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் தொடங்கிவைத்தது, 1956இல் காமராஜர் எட்டயபுரத்தில் பெரிதாக்கியது, 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். எங்கள் திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய சத்துணவு என்று இங்கே நீண்ட வரலாறு இருக்கிறது. ரேஷனிலும் அப்படித்தான். 1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று கார்டுகளைப் பிரித்தபோது, ஆட்சியில் யார் இருந்தாலும் தமிழ்நாடு அந்தப் பிரிவினைக்குப் போகவில்லை. கேட்டவருக்கெல்லாம் அரிசி என்பதில் இரண்டு கழகங்களும் ஒன்றாகவே நின்றன. 2011 ஜூனிலிருந்து அந்த அரிசி இலவசம்.

2013 சட்டம் வந்தபோது ஜெயலலிதா எதிர்த்தார். எல்லோருக்கும் கொடுக்கிற மாநிலத்தை ஆள் பிரித்துக் கொடு என்று சொல்கிற சட்டம் அது என்ற அச்சத்தில் நியாயம் இருந்தது. மூன்று வருஷம் தமிழ்நாடு விலகியே இருந்தது. கடைசியில் மத்திய அரசு விலையை வைத்து நெருக்கியது. முன்னுரிமை இல்லாதவர்களுக்கான அரிசியை கிலோ 8.30 ரூபாய்க்குத் தந்தவர்கள், சட்டத்தில் சேராவிட்டால் 22.54 ரூபாய் என்றார்கள். 2016 நவம்பர் 1 முதல் தமிழ்நாடும் சேர்ந்தது, ஆனால் எல்லோருக்கும் ரேஷன் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. அதன் விளைவுதான் கார்டில் இருக்கும் அந்த எழுத்துகள். சுமார் 3 கோடியே 64 லட்சம் பேர் சட்டத்துக்குள், மிச்சப் பேர் அரசாணைக்குள்.

ஆள் பிரிப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. வசதியானவனுக்கு எதற்கு இலவச அரிசி என்பது அடிக்கடி காதில் விழும் கேள்வி. ஏழை யார் என்று முடிவு செய்வது ஒரு பட்டியல். அந்தப் பட்டியலை எழுதுவது யாரோ ஓர் அலுவலர். 2017 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதார் இணைக்கவில்லை என்று அவர்கள் கார்டு ரத்தாகியிருந்தது. சோறு சோறு என்று கேட்டுக்கொண்டே செத்தாள் என்றார் அவள் தாய். காய்ச்சலில் செத்தாள் என்றது அரசுத் தரப்பு. காரணம் எதுவாக இருந்தாலும், அந்த வீட்டுக்குச் சேர வேண்டிய அரிசி மாதக்கணக்கில் போய்ச் சேரவில்லை. வசதியான நாலு பேர் சேர்ந்து வாங்கிவிடுகிறார்களே என்பதைவிட, பட்டியலில் பெயர் விட்டுப்போன ஒரு குடும்பம் எனக்குப் பெரிய விஷயம். வசதியானவர்கள் பலர் தாங்களாகவே ரேஷன் அரிசி வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதை எந்தக் கடைக்காரரிடம் கேட்டாலும் சொல்வார்.

இன்னொன்று. அந்த 75, 50 சதவீதக் கணக்கு இன்னமும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துத்தான். நாடு முழுக்கச் சுமார் 81 கோடிப் பேர் என்று அன்று போட்ட எண்ணிக்கை அப்படியே உறைந்து நிற்கிறது. அதற்குப் பிறகு பெருகிய மக்கள்தொகைக்கு ஏற்ப அது உயரவே இல்லை. இதனால் 10 கோடிப் பேருக்கு மேல் வெளியே நிற்கிறார்கள் என்று ழான் திரேஸ், ரீத்திகா கேரா போன்ற பொருளியலாளர்கள் கணக்குக் காட்டினார்கள். நம் ஊரில் இது உறைக்காததற்குக் காரணம் மாநில அரசு போட்டிருக்கும் பந்தல்.

இனி பருப்பு விஷயத்துக்கு வருகிறேன். 2007இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் என்று ஒன்று வந்தது. வெளிச் சந்தையில் பருப்பு விலை எகிறிய நேரம். துவரம் பருப்பு, உளுத்தம் பருப்பு, பாமாயில் மூன்றும் ரேஷனில் சேர்ந்தன. இப்போது துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் பாக்கெட் 25 ரூபாய். அரிசி வயிற்றை நிரப்பும். உடம்பில் சதை பிடிக்கப் பருப்பு வேண்டும், எண்ணெய் வேண்டும். உணவுப் பாதுகாப்பு என்பதை ஊட்டச்சத்துப் பாதுகாப்பு வரை கொண்டுபோனதில் இந்தத் திட்டத்துக்கு உள்ள பங்கை நாம் போதுமான அளவு பேசவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் இது எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பதற்கு இரண்டு உதாரணம். உளுத்தம் பருப்பு 2017 வாக்கில் சத்தமில்லாமல் நின்றுபோனது. அதே ஆண்டு நவம்பரில், அந்தியோதயா தவிர மற்ற கார்டுகளுக்குச் சர்க்கரை 13.50 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 25 ரூபாய் ஆனது. இரண்டுக்கும் சட்டமன்றத்தில் எந்தச் சட்டத் திருத்தமும் தேவைப்படவில்லை. அடுத்தது 2024 மே. தேர்தல் நேரம், பருப்பும் பாமாயிலும் கொள்முதல் தாமதமாகின. அந்த மாதக் கடைசியில் எங்கள் தெருக் கடையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டிக்கும் கடைத் தம்பிக்கும் நடந்த பேச்சு:

"தம்பி, எண்ணெ வந்துருச்சா?"

"லோடு வரல பாட்டி. அரிசியும் சர்க்கரையும் மட்டும் பில் போடட்டுமா?"

"பருப்பு?"

"அதுவும் வரல. அடுத்த வாரம் ஒரு எட்டு வந்து பாருங்க."

"போன வாரமும் இதத்தானப்பா சொன்ன. வெறும் அரிசிய வச்சுக்கிட்டு கஞ்சிதான் காய்ச்சணும்."

சொல்லிக்கொண்டே முந்தானையில் பெருவிரலைத் துடைத்துத் துடைத்து மெஷினில் வைத்தார். ரேகை விழவில்லை. வேறு விரல், அடுத்த கை என்று மாற்றி மாற்றி வைத்து, கண் கருவியைக் கொண்டுவந்து பார்த்த பிறகுதான் பில் வந்தது. அந்தத் தம்பி மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் கையில் சரக்கு இல்லை. மே மாதப் பங்கை ஜூனில் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது உண்மை. ஆனால் மே மாதத்துக் குழம்பை ஜூனில் வைக்க முடியாது. அந்தச் சமயம் வெளிக்கடையில் துவரம் பருப்பு கிலோ 150 ரூபாய்க்கு மேல். தினக்கூலி வீட்டில் அந்த மாதம் பருப்பு இல்லாமல்தான் ஓடியிருக்கும்.

இங்கேதான் சட்டத்துக்கும் திட்டத்துக்கும் உள்ள வேறுபாடு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, உரிமையுள்ள ஒருவருக்குத் தானியமோ உணவோ தராமல் போனால் அரசு அதற்கு ஈடாகப் பணம் தர வேண்டும். உணவுப் பாதுகாப்புப் படி என்று பெயர். 2015இல் அதற்கு விதிகளும் வந்துவிட்டன. அதைக் கேட்டு வாங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை, அது வேறு கதை. கேட்க ஒரு பிடிமானம் இருக்கிறது. புகார் கொடுக்க மாவட்ட அளவில் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு மாநில உணவு ஆணையம் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பருப்பு வராத மாதத்தில் அந்தப் பாட்டிக்கு இதில் ஒன்றுமே பொருந்தாது. பருப்பு அவருடைய உரிமை இல்லை, சலுகை.

முட்டைக்கும் இதே நிலைமைதான். சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பள்ளிப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சத்து வேண்டும் என்று 2013இல் எழுதிவைத்தது. தொடக்கப் பள்ளிக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம். நடுநிலைப் பள்ளிக்கு 700 கலோரி, 20 கிராம் புரதம். முட்டை என்ற பேச்சே அப்போது அதில் இல்லை. அதனால்தான் 2015இல் மத்தியப் பிரதேசத்தில், ஊட்டச்சத்துக் குறைவால் குழந்தைகள் வாடுகிற பழங்குடி மாவட்டங்களின் அங்கன்வாடிகளுக்கு முட்டை தரலாம் என்ற யோசனையை அப்போதைய முதல்வர் சிவராஜ் சிங் சௌகான் ஒரே வார்த்தையில் நிராகரிக்க முடிந்தது. முட்டை சாப்பிட்டு வளர்கிற சமூகத்தின் பிள்ளைகளுக்கு முட்டை வேண்டுமா வேண்டாமா என்பதை ஆட்சியில் இருப்பவரின் விருப்பம் முடிவு செய்தது.

இங்கே கதை வேறு. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கிய முட்டை, 2010இல் வாரம் ஐந்தானது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். செவ்வாய்க்கிழமை கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ அவித்துக் கொடுப்பார்கள். சத்துணவுக் கூடத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆயாக்கள் பெரிய குண்டானிலிருந்து வெந்த முட்டைகளை வடித்து, சூடு ஆறுவதற்குள் மளமளவென்று உரித்துக்கொண்டிருப்பார்கள். சில பிள்ளைகள் வெள்ளைக்கருவை முதலில் தின்றுவிட்டு மஞ்சள்கருவைச் சோற்றோடு பிசைவதற்கென்று ஓரமாக வைத்துக்கொள்ளும். வீட்டில் முட்டை வாங்குவது எப்போதாவதுதான் என்கிற பிள்ளைக்கு வாரத்தில் ஐந்து நாள் முட்டை என்றால் அதன் மதிப்பைக் கிராம் கணக்கில் சொல்லி முடியாது. நாமக்கல் பண்ணைகளுக்கும் இது நிலையான வியாபாரம்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவும் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையிலேயே சூடாகச் சாப்பாடு. 2023இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் போனது. மத்தியச் சட்டம் ஒருவேளை உணவோடு நிற்கிறது, 14 வயதோடு நிற்கிறது. நாம் இரண்டு வேளை போடுகிறோம், மதிய உணவைப் பத்தாம் வகுப்பு வரை கொண்டுபோகிறோம். பெருமைப்பட வேண்டிய விஷயம். சட்டத்துக்கு மேல் தருகிற அவ்வளவையும் தாங்கி நிற்பது அரசாணைகள் மட்டுமே என்பதுதான் என் கவலை. நிதி நெருக்கடி என்று ஓர் ஆண்டு கை வைத்தால், பெற்றோர் நீதிமன்றத்தில் போய் எதைக் காட்டுவார்கள்?

இவ்வளவு செய்தும் நாம் கரை ஏறிவிட்டோமா என்றால், இல்லை. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாட்டின் சராசரி 35.5 சதவீதம் என்பதால் நாம் மேல்தான். ஆனால் ரத்தசோகை? 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில், முந்தைய ஆய்வில் 50.7 சதவீதமாக இருந்தது 57.4 சதவீதமாக ஏறியிருக்கிறது. அரிசி எல்லா வீட்டிலும் இருக்கிறது, ரத்தம் இல்லை.

இதற்கு மத்திய அரசு கண்ட வழி செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவத்திலேயே அச்சில் பிழிந்து, நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு என்று கலந்தார்கள். தமிழ்நாட்டில் முதலில் சோதனை நடந்தது எங்கள் மாவட்டத்தில்தான். என் அம்மா அரிசி களையும்போது மிதக்கிற அந்த மணிகளைப் பொறுக்கி வெளியே போட்டுவிடுவார். "பிளாஸ்டிக் அரிசிடி இது" என்பார். அம்மா மட்டுமல்ல, தெருவே பொறுக்கியது. கலப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது. சத்து என்று கலந்தது சாக்கடையில் போனது. 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இதை 2028 டிசம்பர் வரை தொடர 17,082 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. இரும்பைக் கலப்பது கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கீரை, பயறு, கேழ்வரகு, முட்டை என்று சத்தைச் சாப்பாடாகவே தரும் வழி கண்ணெதிரே இருக்கும்போது, இத்தனை பெரிய தொகை ஒரே ஒரு தானியத்தின் மேல் போவது எனக்கு ஒப்பவில்லை. 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று தமிழ்நாடு அரசு தொடங்கியதே, அதுதான் சரியான திசை. அது இன்னும் பரவ வேண்டும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் சட்டம் எழுதியதே முழுதாக நடக்கவில்லை. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் என்கிறது சட்டம். 2017இல் வந்த மத்தியத் திட்டம் முதல் பிரசவத்துக்கு மட்டும் 5,000 என்று சுருக்கியது. பிறகு இரண்டாவது பெண் குழந்தையாக இருந்தால் 6,000 என்று நீட்டியது. நம் மாநிலத்தில் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புக்குக் கிடைக்கிறது. சட்டம் சொன்னதை ஒரு திட்டம் குறைக்க முடிகிறது, சட்டம் சொல்லாததை இன்னொரு திட்டம் கூட்டித் தர முடிகிறது.

திருப்பூரில் தையல் வேலைக்கு வந்திருக்கும் பீகார்க்காரர் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தன் 5 கிலோவை இங்கே வாங்கலாம். பருப்பும் பாமாயிலும் கிடைக்காது, அவை மாநிலத் திட்டம். பெங்களூருவுக்குப் பிழைக்கப் போன நம் ஆளிடம் என்பிஹெச்ஹெச் கார்டு இருந்தால் அவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. மத்தியச் சட்டத்தில் அவர் பெயர் கிடையாது.

மாநிலமே ஒரு சட்டம் போட முடியுமா என்றால், முடியும். நாடாளுமன்றச் சட்டத்துக்கு முன்பே, 2012 டிசம்பரில் சத்தீஸ்கர் தனக்கென்று உணவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றியது. அதில் அரிசியோடு பயறு வகைகளும் உப்பும் உண்டு. பழங்குடிப் பகுதிகளில் கொண்டைக்கடலை குறைந்த விலையில். மத்தியச் சட்டத்தின் 32ஆம் பிரிவும் மாநிலங்கள் தங்கள் காசில் கூடுதலாகத் தருவதை அனுமதிக்கிறது. எனவே தமிழ்நாட்டுக்கென்று ஓர் உணவு, ஊட்டச்சத்துச் சட்டம் கேட்பது பேராசை இல்லை.

அதில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால், கார்டு கேட்கும் எல்லாக் குடும்பத்துக்கும் அரிசி உரிமை என்று முதல் வரியிலேயே வர வேண்டும். மாதம் ஒரு கிலோ பருப்பும் ஒரு லிட்டர் எண்ணெயும் பெயரோடு இருக்க வேண்டும். எண்ணெய் பாமாயிலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நம் ஊர்க் கடலை எண்ணெயாக இருந்தால் இன்னும் நல்லது. வராத மாதத்துக்கு ஈட்டுத்தொகை குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். ரேகை விழவில்லை என்று ஒருவரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதும், 2025இல் தாயுமானவர் திட்டமாக வந்திருக்கும் முதியோருக்கான வீட்டு விநியோகமும் சட்டத்துக்குள் வர வேண்டும். வாரம் ஐந்து முட்டை என்று எண்ணிக்கையோடு எழுத வேண்டும். மதிய உணவு பத்தாம் வகுப்போடு நிற்காமல் பன்னிரண்டாம் வகுப்பு வரை போக வேண்டும். ரத்தசோகை அதிகம் தாக்குகிற வயதில் இருக்கும் பெண் பிள்ளைகள் அந்த இரண்டு வகுப்புகளில்தான் மதியச் சாப்பாடு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இதில் பன்னிரண்டாம் வகுப்பு, ஈட்டுத்தொகை இரண்டையும் தவிர மற்றதற்கெல்லாம் ஏற்கெனவே பட்ஜெட்டில் பணம் ஒதுக்கிக்கொண்டுதான் இருக்கிறோம்.